அரளி வேலிக்குப் பக்கத்தில் தக்காளி வைக்கலாமா?

கேள்வி இது. சேலம் மாமாங்கம் பக்கம் வாங்கிய பழைய வீடு. மேற்கு மதிலை ஒட்டி செவ்வரளி வரிசை, வாசலோரம் ஒரு பொன்னரளி, மொட்டைமாடியில் ஐந்தாறு அடினியம் தொட்டி, ஏற்காட்டிலிருந்து கிளை கொண்டுவந்து நட்ட ஏஞ்சல் டிரம்பெட் ஒன்று. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. அரளிக்கு ஐந்தடி தள்ளித் தக்காளி நட்டால் விஷம் பழத்தில் ஏறுமா? எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டுமா? போன முறை காய்த்த தக்காளி ஏன் அடி கறுத்து அழுகியது? ஏற்காட்டில் இருக்கும் அக்கா வீட்டிலும் இதே முறையில் வைக்கலாமா?

முதல் கேள்விக்குப் பதில்: ஏறாது. பயமில்லாமல் நடுங்கள். அரளியின் இலை, பூ, பட்டை, வேர், பால் எல்லாவற்றிலும் ஓலியாண்ட்ரின் முதலான நஞ்சுகள் உண்டு. அவை இதயத்துடிப்பைக் குலைப்பவை. ஆனால் அவை அரளியின் உடம்புக்குள் இருப்பவை. உதிர்ந்த இலை மட்கும்போது மண்ணில் இறங்குவதை மண்ணின் நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். பக்கத்தில் நிற்கிற தக்காளி அதை உறிஞ்சிப் பழத்தில் சேர்த்துவைப்பதில்லை. வேரோடு வேர் உரசினாலும் அப்படித்தான். அரளி வேர் தக்காளிக்குச் செய்கிற கெடுதல் தண்ணீரையும் உரத்தையும் பிடுங்கிக்கொள்வது மட்டுமே. அதற்கு ஐந்தடி இடைவெளி போதும்.

நஞ்சு ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்கு ஏறுகிற வழி ஒன்று உண்டு: ஒட்டுக் கட்டுவது, அதாவது ஒரு செடியின் வேரோடு கூடிய அடித்தண்டில் இன்னொன்றின் நுனியைப் பொருத்தி வளர்ப்பது. ஊமத்தையின் நஞ்சு அதன் வேரில்தான் உருவாகி மேலே ஏறுகிறது. ஊமத்தை வேர்த்தண்டில் தக்காளியை ஒட்டினால், மேலே காய்ப்பது பார்வைக்குத் தக்காளியாக இருந்தாலும் ஊமத்தையின் நஞ்சு அதில் வந்து சேரும். "ஊமத்தையில் ஒட்டினால் வாடல் நோய் வராது" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒட்டுக் கட்ட ஆசையிருந்தால் சுண்டைக்காய் வேர்த்தண்டு இருக்கிறது. அதன் காயையே நாம் வற்றல் போட்டுச் சாப்பிடுகிறோம்.

அப்படியானால் அரளி ஆபத்தில்லாததா என்றால், இல்லை. ஆபத்து மண் வழியாக வருவதில்லை, நம் கை வழியாக வருகிறது. தக்காளிக்கு முட்டுக்கொடுக்கக் குச்சி தேடும்போது மதிலோரத்தில் நேராக, விரல் தடிமனில் நிற்பது அரளிக் கிளைதான். அதை வெட்டி ஊன்றினால் வெட்டுவாயிலிருந்து பால் வடிந்து கொடியில் படும், ஈரத்தில் குச்சியே வேர்விட்டுத் துளிர்க்கும். மூங்கில் குச்சியோ சவுக்குக் குச்சியோ வாங்குங்கள். அடுத்தது மூடாக்கு. அரளிச் சருகைக் கூட்டி எடுத்துத் தக்காளி அடியில் பரப்புவது பலர் செய்வது. காய்ந்தாலும் அந்த இலையில் நஞ்சு போகாது. தக்காளிக்கு இடையில் சிறுகீரையோ கொத்தமல்லியோ விதைத்திருந்தால், பிடுங்கும்போது ஒரு துண்டுச் சருகு கட்டோடு சமையலறைக்கு வந்துவிடும். வைக்கோல், கரும்புத்தோகை, தேங்காய் மட்டைத் துருவல், எதையும் போடுங்கள். அரளிச் சருகு மட்டும் வேண்டாம். மட்கு உரத்திலும் அதைச் சேர்க்காதீர்கள். நன்றாகச் சூடேறும் பெரிய குவியலில் அந்த நஞ்சு சிதையும். வீட்டு மட்குத் தொட்டி அந்த அளவுக்குச் சூடேறாது.

எரிப்பதுதான் இருப்பதிலேயே மோசம். அரளிக் கிளை எரியும் புகை கண்ணையும் மூச்சுக்குழாயையும் தாக்கும். வெந்நீர் அடுப்பில் வைப்பது, குப்பையோடு கொளுத்துவது, அந்தக் குச்சியால் எதையாவது குத்திச் சுடுவது எதுவும் கூடாது. வெட்டியதைச் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள், அல்லது தோட்டத்தின் கடைசி மூலையில் இரண்டடிக் குழியில் புதையுங்கள். ஆடு மாடு எட்டுகிற இடத்தில் வெட்டிய கிளையை ஒரு மணி நேரம்கூடப் போட்டுவைக்காதீர்கள். பச்சையாக நிற்கும் அரளியை ஆடு பெரும்பாலும் தொடாது. வாடிக்கிடக்கும் இலையைத் தின்றுவிடும்.

தொட்டாலே ஆபத்து என்று நினைக்கவும் வேண்டாம். பனமரத்துப்பட்டி சுற்றுவட்டாரத்தில் அரளி ஒரு பயிர். விடிவதற்குள் மொட்டாகப் பறித்துச் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார்கள், பறிப்பது வெறுங்கையால்தான். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் முக்கியம். கவாத்து செய்யும்போது முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, பால் கண்ணில் தெறிக்காமல் ஒரு கண்ணாடி. தக்காளிக்குத் தனிக் கத்தரிக்கோல் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எதை வெட்டுவது, எதை விடுவது. மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் பொன்னரளியை எடுத்துவிடச் சொல்வேன். அழகான மரம், சிவனுக்குச் சாத்தும் பூ என்பதெல்லாம் சரி. ஆனால் அது காய்த்துத் தள்ளும். பச்சையாகப் பளபளத்துப் பிறகு கறுத்து விழும் காய். சதை அழுகியதும் உள்ளிருந்து முக்கோணமாக ஒரு கெட்டிக் கொட்டை வெளிவரும். கையில் வைத்து உருட்ட வாகான அளவு. குழந்தைகள் அதைப் பொறுக்காமல் இருக்க மாட்டார்கள், அதன் பருப்பில்தான் நஞ்சு அதிகம். தினமும் காலையில் காயைப் பொறுக்கிவிடுவேன் என்று தொடங்குகிறவர்கள் பத்தாம் நாள் விட்டுவிடுவார்கள். மரத்தை வெட்டினால் போதாது, தூரோடு தோண்ட வேண்டும், இல்லையென்றால் துளிர்க்கும். விழுந்த கொட்டைகள் அடுத்த மழையில் முளைக்கும், அப்போது பார்த்துப் பிடுங்குங்கள்.

செவ்வரளி வரிசை இருக்கட்டும். குழந்தை கைக்கு எட்டாதபடி கீழ்க்கிளைகளை மூன்றடி உயரத்துக்குக் கழித்துவிட்டு, முன்னால் ஒரு கம்பிவலை கட்டுங்கள். அது மேற்கு மதிலில் இருப்பது உங்கள் தக்காளிக்கு நல்லதும்கூட. பங்குனி, சித்திரையில் சேலத்தின் மூன்று மணி வெயிலுக்குத் தக்காளிப் பூ நிற்காது. அந்த நேரத்தில் அரளியின் நிழல் விழுந்தால் நிழல்வலை செய்யும் வேலையை அது செய்யும். காலையிலிருந்து ஆறு மணி நேர வெயில் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அரளித் துளிரில் அப்பியிருக்கும் மஞ்சள் அசுவினியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது அரளி, எருக்கு வகைகளில் குடியிருப்பது, தக்காளியில் குடியேறாது.

அடினியமும் அரளிக் குடும்பம்தான், அதன் பாலும் அதே மாதிரி நஞ்சு. சுவரோர உயரத் திண்டில் ஏற்றிவையுங்கள். அந்தத் தொட்டிகளின் பழைய மண்ணைத் தக்காளிக்கு எடுக்க வேண்டாம். காரணம் அடினியத்தின் நஞ்சு இல்லை. பூச்செடிக்கு நர்சரியிலும் வீட்டிலும் போடுகிற குருணைப் பூச்சிமருந்துகள். வேர் வழியே ஏறிச் செடி முழுக்கப் பரவும் மருந்தைத் தக்காளி உறிஞ்சிக்கொள்ளும். பூச்செடியிலிருந்து காய்கறிக்கு விஷம் ஏறும் உண்மையான வழி அது, அதை யாரும் கேட்பதில்லை.

ஏஞ்சல் டிரம்பெட்டுக்குத்தான் தக்காளிப் பக்கத்தில் இடமே கிடையாது. அதுவும் ஊமத்தையும் தக்காளியும் கத்தரியும் ஒரே குடும்பம். தக்காளியின் இலைச்சுருட்டை வைரஸும் வாடல் நோய்ப் பாக்டீரியாவும் இந்தக் குடும்பத்துக்குள் சுலபமாக வீடு மாறும். அரளி மனிதருக்கு நஞ்சு, தக்காளிக்குத் தொந்தரவில்லை. ஏஞ்சல் டிரம்பெட் இரண்டு பேருக்கும் ஆகாது. அதைத் தின்றால் வாய் உலர்ந்து, கண்பாவை விரிந்து, புத்தி பேதலித்துப் பிதற்றல் வரும். வாசலுக்கு வெளியே மாற்றுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். தொழுவுரத்தோடு வந்து தானாக முளைக்கும் ஊமத்தையையும் நாற்றாக இருக்கும்போதே பிடுங்குங்கள். சின்னதில் கத்தரி நாற்று மாதிரியே இருக்கும். இலையைக் கசக்கினால் ஒரு குமட்டல் வாடை வரும். வேலியில் செங்காந்தள் இருந்தால் அதற்குப் பக்கத்தில் சர்க்கரைவள்ளியோ வேறு கிழங்கோ நடாதீர்கள். கண்வலிக்கிழங்கைச் சமையல் கிழங்கென்று எடுத்துவிடும் தவறு அப்படித்தான் நடக்கிறது.

குழந்தை எதையாவது மென்றுவிட்டால் விரலால் வாயைத் துடைத்து வெளியே எடுங்கள், தண்ணீரில் கொப்பளிக்க வையுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள், உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், பால் என்று எதையும் கொடுத்து நேரத்தை விடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அந்தச் செடியின் ஒரு கிளையைக் கவரில் போட்டு எடுத்துப் போவது மருத்துவருக்குப் பெரிய உதவி. அரளி, பொன்னரளி, அடினியம் என்றால் குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் போக வேண்டும். வாந்தி சீக்கிரம் வரலாம். துடிப்பு மந்தமாவதும் தாறுமாறாவதும் சில மணி நேரம் கழித்துத் தெரியலாம். இ.சி.ஜி. பார்த்துக் கண்காணிப்பில் வைப்பார்கள். பால் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது அழுகிய தக்காளி. பூ விழுந்த முனையில், அதாவது காயின் அடியில், முதலில் நீர்க்கோத்த மாதிரி ஒரு புள்ளி, அப்புறம் தோல் போல் காய்ந்த கறுப்புத் தழும்பு என்று நீங்கள் சொன்னது நோய் அல்ல, பூச்சியும் அல்ல. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேரவில்லை. சேராததற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர்: இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றுவது. கால்சியம் தண்ணீரோடுதான் ஏறும், அதுவும் இலைக்குப் போவதுதான் அதிகம். நீரோட்டம் தடைபட்டால் முதலில் பட்டினி கிடப்பது காயின் நுனி.

உங்கள் பகுதிக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. மாமாங்கம், கருப்பூர், வெள்ளக்கல்பட்டி சுற்றிலும் இருப்பது வெள்ளைக்கல் பூமி. வெள்ளைக்கல் என்றால் மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட். அங்கே மண்ணிலும் போர் தண்ணீரிலும் மக்னீசியம் மிஞ்சியிருந்தால், வேர் கால்சியத்தை எடுக்கவிடாமல் அது போட்டிபோடும். தொட்டி விளிம்பில் வெள்ளை வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருக்கிறதா, பாருங்கள். விரலால் சுரண்டினால் மாவாக உதிரும். அது உப்புத் தண்ணீரின் கையெழுத்து. இந்த நிலைமையில் "தக்காளிக்கு எப்சம் உப்பு போடுங்கள்" என்ற பிரபலமான யோசனை எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான். எப்சம் உப்பு மக்னீசியம் சல்பேட். சாம்பலும் சுண்ணாம்பும்கூட வேண்டாம், உங்கள் மண்ணின் காரத்தன்மையை அவை இன்னும் ஏற்றும். முட்டை ஓடு மட்கிப் பலன்தர மாதக்கணக்காகும், அதுவும் கார மண்ணில் கரையவே கரையாது.

வேண்டியது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். தரையில் நட்டால் குழிக்கு 50 கிராம், செடிப் பையில் நட்டால் 20 கிராம் மண்ணோடு கலந்துவிடுங்கள். பூக்கத் தொடங்கியதும் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, 15 நாளுக்கு ஒருமுறை செடிக்கு அரை லிட்டர் அடியில் ஊற்றுங்கள். மழை பெய்யும்போது மாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்துவைத்து, மாதம் ஒருமுறை பையின் அடியில் வழிந்தோடும்வரை அதை ஊற்றினால் படிந்த உப்பு அலசிப் போகும். அடி கறுத்த காய்களைக் கிள்ளி எறியுங்கள், தேறாது. அடுத்த காய்கள் சரியாக வரும்.

நடும் முறை. பை என்றால் 15 லிட்டருக்குக் குறையாதது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. மாடிக்குக் கனம் கூடாதென்றால் செம்மண்ணில் பாதியைத் தேங்காய்நார்க் கழிவாக மாற்றலாம். அதை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

ரகத்தில் பி.கே.எம். 1 இந்த ஊர் வெயிலுக்குப் பழகியது. அன்னஞ்சி நாட்டுத் தக்காளியிலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கியது, சற்றுத் தட்டையான காய், தோளில் பச்சை, ரசத்துக்கு ஏற்ற புளிப்பு. விதையை நீங்களே எடுத்துவைக்கலாம். இலைச்சுருட்டையும் வாடலும் திரும்பத் திரும்ப வருகிற இடமென்றால் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக். அந்த இரண்டையும் முன்பருவ இலைக்கருகலையும் தாங்கும். வீரிய ரகமாகையால் ஒவ்வொரு முறையும் விதை வாங்க வேண்டும்.

சேலத்துக்கு விதைப்பு ஆனி ஆடியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று. கார்த்திகையில் விதைத்து மார்கழியில் நடுவதுதான் வீட்டுத் தோட்டத்துக்குச் சுகமான பட்டம். வெயில் முற்றுவதற்குள் பாதிக்கு மேல் பறித்துவிடலாம். அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் ஐந்திலிருந்து எட்டு நாளில் முளைக்கும். நாற்றுத்தட்டை முதல் நாளிலிருந்தே நைலான் வலைக்குள் வையுங்கள், இதைத் தவறவிடாதீர்கள். இலைச்சுருட்டை வைரஸை வெள்ளை ஈ நாற்றிலேயே ஏற்றிவிட்டால் பிறகு எந்த மருந்தும் உதவாது. 25 நாள் நாற்றை மாலையில், கீழிலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதி புதையும்படி நடுங்கள். புதைந்த தண்டெல்லாம் வேர்விடும். செடிக்குச் செடி ஒன்றரை அடி, வரிசைக்கு வரிசை இரண்டடி. முட்டுக்குச்சியை நட்ட அன்றே ஊன்றிவிடுங்கள். பிறகு குத்தினால் வேர் அறுபடும்.

தண்ணீர் தினமும் ஒரே நேரத்தில். காய்க்கிற செடிக்குப் பையில் ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர், கோடையில் காலை மாலை பிரித்து. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மண்புழு உரம் 200 கிராம். கடலைப்புண்ணாக்குக் கரைசலை ஆசைப்பட்டு வாராவாரம் ஊற்றினால் செடி கருகருவென்று வளரும், பூவைக் காணாமல் தேடுவீர்கள்.

பூ கொட்டுகிறது என்றால் முதலில் வெயிலைப் பாருங்கள். பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவும் தணியாவிட்டால் மகரந்தம் செத்துவிடும், எந்த டானிக்கும் பயன்தராது. அந்த மாதங்களில் செர்ரி தக்காளிதான் ஓரளவு காய்பிடிக்கும். வெயில் அளவாக இருந்தும் கொட்டினால் காலை ஒன்பது, பத்து மணிக்குப் பூங்கொத்துக் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள், மகரந்தம் அதே பூவில் உதிர்ந்து காய்பிடிக்கும்.

இலை கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருண்டு, நுனி குட்டையாகி, ஓரம் மஞ்சளித்தால் அது வைரஸ். அந்தச் செடியைக் கவர் போட்டு மூடிப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். நடுப்பகல் வெயிலில் மட்டும் கீழிலை சுருண்டு மாலையில் விரிந்தால் அது தாகம், பிடுங்க வேண்டாம். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியும், லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் சில சொட்டு கலந்து வாரம் ஒருமுறை இலைக்கு அடியில் மாலையில் தெளிப்பதும் போதும். மதிலோரத்தில் உண்ணிச்செடி இருந்தால் எடுங்கள்; வெள்ளை ஈ அங்கேயும் வளரும், அதன் பச்சைக் காயும் குழந்தைக்கு ஆகாது. காய்ப்புழுவுக்குத் தக்காளியைவிட 15 நாள் முன்னதாகவே விதைத்த துலுக்கச் செவ்வந்தியை ஓரத்தில் வையுங்கள், தாய் அந்துப்பூச்சி அங்கே போய் முட்டையிடும்.

பச்சையாக இருந்த செடி ஒரே நாளில் தொங்கிப்போனால், தண்டின் அடிப்பகுதியில் ஒரு சாண் வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி தொடும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்த இடத்தில் மூன்று ஆண்டு தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம், பை மண்ணையும் மாற்றுங்கள். நூல் இறங்காமல், வேரைப் பிடுங்கினால் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. துலுக்கச் செவ்வந்தியும் வேப்பம்புண்ணாக்கும் அதற்கும்தான்.

அக்கா வீட்டுக்கு இதையே செய்யக் கூடாது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், காப்பித் தோட்ட மண் புளிப்பு மண். கீழே ஜிப்சம் போட்ட இடத்தில் மேலே சுண்ணாம்புத் தூள், சதுர மீட்டருக்கு 100 கிராம், நடுவதற்கு மூன்று வாரம் முன்பே. தை மாதம் விதைத்து மாசியில் நட்டால், கோடை விழாவுக்குக் கூட்டம் மலையேறும் மே மாதத்தில் பழம் பறிக்கலாம். சேலத்தில் பூ கொட்டும் நாட்களில் அங்கே காய் திரண்டு நிற்கும். சில்வர் ஓக் நிழலைத் தவிர்த்து வெயில் விழும் இடமாகப் பார்த்து, ஒரு அடி உயரப் பாத்தி போட்டு, மேலே பாலித்தீன் கூரை கட்டச் சொல்லுங்கள். மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் பின்பருவக் கருகல் மூன்று நாளில் செடியைக் கறுப்பாக்கிவிடும். தரையிலிருந்து ஒரு அடி வரை இலைகளைக் கழித்து, காற்றோட இடம்விட்டு, மழைக்கு முன்பே போர்டோ கலவை அடிப்பதுதான் காப்பு. காப்பிக்கு அடிக்கும் 1 சதவீதக் கலவை இளந்தக்காளி இலையைப் பொசுக்கலாம். அதில் பாதி அளவு, அதாவது லிட்டருக்கு மயில்துத்தம் 5 கிராம், சுண்ணாம்பு 5 கிராம்.

அங்கே ஏஞ்சல் டிரம்பெட் சாலையோரமெல்லாம் தொங்கும். அக்கா வீட்டு வேலியில் இருந்தால் தக்காளிப் பாத்தியைத் தோட்டத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அங்கே யாராவது அதை மென்றுவிட்டால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வருவதற்குள் நேரம் போகும். ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலில் காட்டிவிட்டு, அவர்கள் சொன்னபடி கீழே இறங்குங்கள்.